மாவு பொங்கிய அளவு

அத்தியாயம் 14

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை காலையெல்லாம் படியேறி வரும் அந்த மூன்றாம் மாடி வீட்டில், சமையலறை யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை என்பதை இதுவரை உடன் வந்த வாசகர்கள் அறிவார்கள். ஸ்மிதா மருமகளாக வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவள் கணவன் ஸ்ரீநாத்தை வளர்த்து ஆளாக்கியவர் அவனுடைய அக்கா பட்டு. அரசு வானிலை நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மழையையும் காற்றையும் அளந்து ஓய்வு பெற்றவர். அடுப்பும் கிரைண்டரும் அவர் ஆட்சியில் இருந்தன. காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் வரும் ஸ்மிதா, தன் வீட்டுச் சமையலறையில் ஒரு விருந்தாளி.

ஆனால் இந்தச் சனிக்கிழமை அவளுக்கு வந்த கோபம் உப்பையோ புளியையோ பற்றியதன்று. அது மகள் மதுவந்தியைப் பற்றியது.

மதுவந்திக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன ஆண்டு வரை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவளுக்கு வயிற்றுவலி வராத நாள் கிடையாது. எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஒப்பிக்கச் சொன்னால் வாய் நின்றுவிடும். கோடை விடுமுறை முடிந்ததும் சுதேஷ்ணா என்ற இளம் ஆசிரியை வந்து, பதினைந்து குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, எதையும் கையால் செய்து பார்த்துக் கற்கும் சனிக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பெண் தானாகவே எழுந்து, தானாகவே தலைவாரிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த வகுப்புக்குத் தலைமையாசிரியை ஒரே ஒரு விதி வைத்திருந்தார். செய்வது குழந்தையாக இருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் பெற்றோர் கடையிலிருந்து எரிமலைகளையும் காற்றாலைகளையும் வாங்கிவந்து மேஜையில் வைத்த கதையை அவர் மறக்கவில்லை. வீட்டார் கை பட்டது தெரிந்தால், அந்தக் குழந்தைக்கு ஆண்டு முடியும்வரை சனிக்கிழமை வகுப்பில் இடமில்லை.

மதுவந்தி தேர்ந்தெடுத்த கேள்வி அவளுடைய வீட்டிலிருந்தே வந்தது. இட்லி மாவைக் கையால் கலந்தால் அதிகம் பொங்குமா, கரண்டியால் கலந்தால் அதிகம் பொங்குமா? ஒரே அளவுள்ள இரண்டு ஊறுகாய் பாட்டில்கள். அவற்றின் வெளிப்புறம் சென்டிமீட்டர் குறித்த காகிதப் பட்டைகள். வெள்ளிக்கிழமை விஸ்வகர்மா பூஜைக்குப் பள்ளி விடுமுறை. காலை ஏழு மணிக்கு மாவை ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உயரத்தைப் பார்த்து, மாலை ஏழு மணி வரை எழுதுவதாக ஏற்பாடு.

அன்று ஸ்மிதாவுக்கு அலுவலகம் இருந்தது. இரவு எட்டு மணிக்கு வந்தபோது அட்டவணை முடிந்து, சாப்பாட்டு மேஜையில் இருந்தது. வரிசையாக எண்கள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

*

சனிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளியின் பெரிய கூடத்தில் நிற்க இடமில்லை. அட்டைப்பெட்டியில் செய்த டிராம் ஒன்று நூலில் ஓடிக்கொண்டிருந்தது. குளத்து நத்தைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சிறுவன், அவை இரவில் எத்தனை அங்குலம் நகர்ந்தன என்று சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தான். மதுவந்தியின் மேஜையில் இரண்டு பாட்டில்களும் அட்டவணையும் இருந்தன.

பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர், மதுவந்தியின் அட்டவணைக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஐந்து மணிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஏழு மணிக்குப் பதினொன்றரை. உச்சிக்கு ஏறிய மாவு அரை சென்டிமீட்டர் தணிந்ததைக்கூட இந்தக் குழந்தை கவனித்திருக்கிறதே என்று அவர் வியந்தார். கற்பித்து வராத கண் இது என்று தலைமையாசிரியையிடம் சொன்னார்.

பின்னர் அவர் மதுவந்தியிடம் திரும்பி, அது ஏன் தணிந்தது என்று நினைக்கிறாய் என அன்போடு கேட்டார்.

மதுவந்தி திரும்பினாள். பக்கத்து மேஜையில் கிடந்த கறுப்புக் கிரேயானை எடுத்தாள். அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். காகிதம் கிழிந்து, கிரேயானும் முறிந்து, அடியில் இருந்த மேஜை விரிப்பில் கறுப்பு ஏறும்வரை அவள் நிறுத்தவில்லை.

சுற்றி நின்ற பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண்மணி வங்காளியில் ஏதோ முணுமுணுக்க, இன்னொருத்தி சிரித்தாள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

ஸ்மிதாவுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்டது. மகளின் கையைப் பிடித்து, அந்தப் பிடியின் பலம் தனக்கே தெரியாத அளவுக்கு இறுக்கி, கூட்டத்தின் நடுவே இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். வரும் வழியெல்லாம், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்றும், நல்லது நடக்கும் இடத்தில்தான் உனக்குப் புத்தி கெட்டுப்போகும் என்றும், இன்னும் ஒரு தாய் சொல்லக்கூடாத ஒன்றிரண்டையும் சொன்னாள்.

ஒரு காட்டில் ஒரு கரடி தேன்கூட்டில் கையை விட்டு, முகமெல்லாம் கொட்டு வாங்கிக்கொண்டு வந்ததாம். வழியில் நின்ற முயலை ஓங்கி ஓர் அறை அறைந்ததாம். முயல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "என்னிடம் கொடுக்கு இல்லை என்பதற்காகத்தானே அடித்தாய்?" என்று கேட்டதாம். கரடியிடம் பதில் இல்லை. அன்று அந்த வராந்தாவில் ஸ்மிதாவிடமும் இல்லாமல் போகப் போகிறது.

"அது மித்யே அம்மா" என்றாள் மதுவந்தி. பொய் என்பதற்குத் தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மனம் கொதிக்கும்போது அவள் நாக்கு வங்காளிக்குத்தான் போகும். "அஞ்சு மணிக்கு நான் பார்க்கவே இல்லை. ஏழு மணிக்கு அங்க மாவே இல்லை."

"பின்ன யார் எழுதினா?"

"அத்தை."

"நேத்திக்கே ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன். நீ போன்ல இருந்தே. கையை இப்படி ஆட்டி, நாளைக்குச் சொல்லுன்னே."

ஸ்மிதாவுக்கு நினைவு வந்தது. குழந்தை தன் புடவைத் தலைப்பை இழுத்ததும், தான் அதை விடுவித்துக்கொண்டதும் நினைவு வந்தது. மகளின் கையைப் பார்த்தாள். நான்கு விரல்களின் தடம் சிவந்து நின்றது.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மணி அளவை எழுதிவிட்டு, மதுவந்தி பட்டம் பார்க்க மொட்டைமாடிக்குப் போயிருக்கிறாள். விஸ்வகர்மா பூஜையன்று கல்கத்தாவின் வானத்தில் பட்டங்களுக்கு நடுவேதான் நீலத்தைத் தேட வேண்டும். எந்தக் குழந்தையும் போகத்தான் செய்யும். நான்கு மணிக்குப் பட்டு சமையலறைக்கு வந்தபோது, கையால் கலந்த மாவு பாட்டிலின் வாய்வரை ஏறி வழியத் தயாராக நின்றது. பொங்கி நிற்கும் மாவைக் கண்டால் நம் வீட்டுப் பெண்களின் கை என்ன செய்யுமோ அதை அவர் கை செய்தது. கரண்டியை விட்டுக் கலக்கி அமுக்கியது. கலக்கிய பிறகு, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, குளிர்பெட்டியில் வைத்து, பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஐந்து மணிக்குக் குழந்தை அளவுகோலோடு இறங்கி வந்தபோது, அட்டவணை நிறைந்திருந்தது. பாட்டில்கள் காலியாக இருந்தன.

அவள் அழித்துத் தரச் சொல்லியிருக்கிறாள். மையால் எழுதியதை அழிக்க முடியாது, எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

வராந்தாத் தூணருகே சுதேஷ்ணா நின்றுகொண்டிருந்ததை ஸ்மிதா அப்போதுதான் பார்த்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் ‘மித்யே’ என்ற அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் முகத்திலும் கோபம். வீட்டார் கை பட்டிருக்கிறது என்று தலைமையாசிரியை மதுவந்தியின் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார் என்றும், தான் கெஞ்சித் திங்கட்கிழமை காலை வரை அவகாசம் வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். எண்களை எழுதியவர் எவரோ அவரே, குழந்தையின் சம்மதம் இல்லாமல் எழுதினேன் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். தந்தால் மதுவந்தி பள்ளியிலேயே மறுபடியும் மாவு கலந்து முதலிலிருந்து அளக்கலாம். தராவிட்டால் சனிக்கிழமை வகுப்பு முடிந்தது.

"பௌதி" என்றாள் சுதேஷ்ணா, ஸ்மிதாவை அண்ணி முறை வைத்து. "அந்தக் காகிதத்தைக் கிழிக்கிற தைரியம் உங்கள் பெண்ணுக்கு இருந்தது. உங்கள் வீட்டில் இன்னும் யாருக்காவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்."

*

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. படியேறும்போது மதுவந்தி அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பட்டு சாப்பாட்டு மேஜையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். விரல்களில் எண்ணெய் தடவி, ஒவ்வொரு பூவிலிருந்தும் நரம்பை உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். பரிசு கிடைத்ததா என்று தலை நிமிராமல் கேட்டார்.

"நேத்திக்கு மாவைக் கலக்கினது நீங்கதானாக்கா?"

"வழிஞ்சு மேடையெல்லாம் ஆகியிருக்கும். யாரா இருந்தாலும் கலக்கித்தான் இருப்பா."

"சரி, கலக்கினேள். நானா இருந்தாலும் கலக்கியிருப்பேன். அஞ்சு மணி, ஏழு மணி அளவை யார் எழுதினா?"

பட்டு ஒரு நரம்பை உருவித் தட்டில் வைத்தார். "நான்தான். குழந்தை வந்து அழுவாளேன்னு எழுதினேன். வாய்வரைக்கும் ஏறும், அப்புறம் அரை சென்டிமீட்டர் தணியும். நாப்பது வருஷமா அரைக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணுமோல்லியோ? அதுக்குத்தானேக்கா பாட்டில், காகிதம், கடிகாரம் எல்லாம்?"

பட்டு இப்போது நிமிர்ந்தார். ஸ்மிதா நடந்ததைச் சொன்னாள். விருந்தினர் வியந்ததை, கிரேயானை, சிரித்த பெண்மணியை, திங்கட்கிழமைக் கெடுவைச் சொன்னாள். கடிதம் என்ற சொல்லைக் கேட்டதும் பட்டுவின் முகம் இறுகியது. எழுதித் தர முடியாது என்றார். காரணம் கேட்டபோது காரணம் சொல்லவும் முடியாது என்றார்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீநாத் உள்ளே வந்தான். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறங்குவதைச் சரிபார்க்கும் அதிகாரி அவன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து, வெயிலில் வியர்த்து வந்தவன், காலணியைக் கழற்றுவதற்குள் பாதிக் கதை காதில் விழுந்துவிட்டது.

"போறும் ஸ்மிதா" என்றான். "எட்டு வயசுக் குழந்தையோட விளையாட்டுக்கு அக்கா வாக்குமூலம் எழுதிக் குடுக்கணுமா?"

"விளையாட்டுன்னா எதுக்குப் பொய் எழுதணும்?"

அவன் பதிலுக்குத் தடுமாறினான். அந்தத் தடுமாற்றத்தின் வழியாகப் பதினோரு ஆண்டுகளும் வெளியே வந்தன. குழம்பில் தான் போட்ட உப்பைச் சுவைக்காமலே பட்டு இன்னொரு சிட்டிகை போட்ட நாளை ஸ்மிதா சொன்னாள். குழந்தைக்கு அவள் பின்னிய ஜடையை வாசலில் நிறுத்தி அவிழ்த்துப் பின்னிய நாளைச் சொன்னாள். எல்லாவற்றையும் நல்லதுக்கு என்று விழுங்கியதைச் சொன்னாள். குரல் ஏறவில்லை, அதுதான் ஸ்ரீநாத்தை அச்சுறுத்தியது.

"சமையலறை உங்களோடதுன்னு விட்டுக்குடுத்தேன். என் பொண்ணு நோட்டுலயும் அவ கைக்கு முன்னாடி உங்க கை வந்துடறது. அவ தப்பா அளந்திருக்கலாம். மறந்திருக்கலாம். காலி பாட்டிலைக் காட்டி, எங்காத்துல கலக்கிட்டான்னு சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அவளோடது. அதை எடுத்துண்டுட்டு, உங்களோட சரியான நம்பரைக் குடுத்தேள்."

பட்டு வாழைப்பூத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீங்க எழுதலேன்னா" என்று ஸ்மிதா முடித்தாள், "திங்கட்கிழமை நானே போய் உங்க பேரைச் சொல்லுவேன். அப்புறம் இந்தாத்துல என்ன நடந்தாலும் சரி."

பட்டு எழுந்து தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தும்போது ஓசை எழவில்லை.

*

முக்கால் மணி நேரம் கழிந்தது. யாரும் சாப்பிடவில்லை. மதுவந்தி பால்கனியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்மிதா இரண்டு முறை அவளருகே போனாள். இரண்டு முறையும் அந்தப் பெண் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஸ்மிதா ஒரு தம்ளர் மோரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதுவும் அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. பட்டு கையில் இரண்டு காகிதங்கள். இரண்டையும் மேஜையின் மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

முதல் காகிதம் பள்ளிக்கு. அலுவலக ஆங்கிலத்தில், சாய்வில்லாத கையெழுத்தில், நான்கு வரிகள். ஐந்து மணி அளவும் ஏழு மணி அளவும் எடுக்கப்படவில்லை, நானே கற்பனையாக எழுதினேன், குழந்தை ஆட்சேபித்தாள், நான் பொருட்படுத்தவில்லை. அடியில் முழுப்பெயரும் கையெழுத்தும். இதைவிட நேராக எவராலும் எழுத முடியாது என்று ஸ்மிதாவுக்கே தோன்றியது.

இரண்டாவது, வானிலை நிலையத்து இயக்குநருக்கு.

"இது என்னக்கா?" என்றான் ஸ்ரீநாத்.

பட்டு அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்மிதாவைப் பார்த்துச் சொன்னார். ஸ்ரீநாத் ஏழாம் வகுப்பு படிக்கும்போது டைஃபாய்டு கண்டு நூற்றுநான்கு டிகிரியில் கிடந்தான். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. வெளியே விடியவிடிய மழை. காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டிய முறை அவருடையது. அவர் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. கிளை முறிந்து விழுந்து மழைமானி சாய்ந்து, தண்ணீரெல்லாம் புல்லில் போயிருந்தது.

"வானத்தைப் பார்த்தேன். முந்தின நாள் கணக்கைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதான்னு நினைச்சு, நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்னு எழுதினேன். எட்டரை மணின்னு போட்டுக் கையெழுத்தும் போட்டேன்."

பட்டு இரண்டாவது காகிதத்தின் ஓரத்தை நேராக்கினார்.

"அடுத்த வாரம் ஒருத்தர் வந்தார். மழையில சுவர் இடிஞ்சு வீடு போனவர். அந்த வட்டாரத்துக்கு எங்க அளவுதான் கணக்கு. நிவாரணத்துக்கு அன்னிக்கு எவ்வளவு மழைன்னு சான்று கேட்டார். என் நம்பரைத்தான் குடுத்தா. அது போறாது, இவ்வளவு மழைக்குச் சுவர் இடியாதுன்னு அவரைத் திருப்பி அனுப்பிட்டா. மூணு தடவை வந்தார். மூணு தடவையும் நான் என் மேஜையிலதான் இருந்தேன்."

ஸ்ரீநாத் எழுந்து, இரண்டாவது காகிதத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கதையை இப்போது யார் கேட்டார்கள் என்றான். இது விசாரணை வரை போகும், பென்ஷனில் போய் நிற்கும் என்றான். பள்ளிக்கூடத்துக் கடிதத்தை மட்டும் கொடுத்தால் போதும், அதுதானே இவள் கேட்டது என்றான்.

"ரெண்டும் போகும். இல்லேன்னா ரெண்டும் போகாது" என்றார் பட்டு. "இதுக்கு மட்டும் உண்மையை எழுதிட்டு அந்தக் குழந்தை முகத்துல முழிக்க எனக்கு முடியாது. முதல்லயே மாட்டேன்னு சொன்னது அதுக்குத்தான். நீதான் விடலை ஸ்மிதா."

ஸ்மிதாவின் விரல்கள் முதல் காகிதத்தின் ஓரத்தில் இருந்தன. இழுத்தால் வந்துவிடும். அவள் கோபம் அணையவில்லை. எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கூடத்துக்குள் சுற்றியது. தன் பெண்ணுக்கு நியாயம் கேட்டால், இந்த வீட்டின் கூரையைக் கழற்றிக் கையில் கொடுக்கிறாரே என்று ஒரு கணம் பட்டுவின் மேலேயே மறுபடியும் பாய்ந்தது. இப்படி ஒரு விலை வைத்தால் நான் பின்வாங்குவேன் என்ற கணக்கா இது? அவர் கண்களைப் பார்த்தாள். அங்கே கணக்கு எதுவும் தெரியவில்லை. மேஜையின் மறுபுறம் ஸ்ரீநாத்தின் உள்ளங்கை அசையாமல் அழுந்தியிருந்தது.

பால்கனிக் கதவருகே மதுவந்தி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பது எவருக்கும் தெரியாது.

அவள் அம்மாவிடம் வரவில்லை. அத்தைக்கு எதிரே வந்து நின்றாள். காலையிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அன்னிக்கு நிஜமா எவ்வளவு மழை பெஞ்சது அத்தை?"

பட்டு வாயைத் திறந்தார். ஓர் எண்ணைச் சொல்லப் போகிறவர் போலத்தான் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்றார் கடைசியில். "இனிமே யாராலயும் அதை அளக்க முடியாது."